இரு கடல்கள் கூடுமிடம்

முகலாயப் பேரரசர் ஷாஜகானுக்கும் மும்தாஜ் மகாலுக்கும் மூத்த மகனாக, 1615ஆம் ஆண்டு அஜ்மீரில் பிறந்தவர் தாரா ஷிகோ. தமக்குப்பின் அவரே அரியணை ஏறவேண்டும் எனத் தந்தை விரும்பினார். தாராவின் உள்ளமோ போர்க்களத்தைவிட ஏடுகளையும் ஞானியரையுமே பெரிதும் நாடியது.

லாகூரில் வாழ்ந்த சூஃபி ஞானி மியான் மீரிடம் தாரா பேரன்பு கொண்டார். அவருடைய மாணவர் முல்லா ஷாவைத் தம் குருவாக ஏற்றார். இசுலாமிய இறையடியார்களின் வரலாறுகளைப் பாரசீக மொழியில் எழுதினார். பின்னர் பாபா லால் என்னும் இந்துத் துறவியிடம், இறைவனைப் பற்றியும் உயிரைப் பற்றியும் வினாக்கள் பல எழுப்பி விடை பெற்றார்.

இத்தேடலின் பயனாக, 'இரு கடல்கள் கூடுமிடம்' என்னும் பொருள்தரும் 'மஜ்ம உல் பஹ்ரைன்' என்ற நூலை இயற்றினார். ஐம்பூதம், ஐம்புலன், உயிர் முதலியவற்றுக்குச் சூஃபியரும் இந்தியத் துறவியரும் வழங்கும் சொற்களை அதில் ஒப்பிட்டுக் காட்டினார். நூலின் பெயரும் திருக்குர்ஆனில் வரும் தொடரே ஆகும்.

1657ஆம் ஆண்டு, காசியிலிருந்து வந்த பண்டிதர்கள், துறவியர் ஆகியோரின் துணையுடன் தில்லியில் 50 உபநிடதங்களைப் பாரசீகத்தில் மொழிபெயர்த்தார். எல்லா மக்களுக்கும் இறைவன் வழிகாட்டியுள்ளான் என்று திருக்குர்ஆன் கூறுவதை அவர் உறுதியாக நம்பினார். திருக்குர்ஆன் குறிப்பிடும் மறைந்த நூல் உபநிடதமே எனவும் கருதினார். தம் மறையின் பொருளைத் தேடியே அவர் பிறர் மறையை அடைந்தார்.

அவ்வாண்டே ஷாஜகான் நோயுற்றார். அரியணைக்காக உடன்பிறந்தோர் போரிட்டனர். 1658இல் ஆக்ராவுக்கு அருகிலுள்ள சாமுகட்டில் தாரா தோல்வியுற்றார். மறு ஆண்டு சிறைப்பட்டார். தில்லித் தெருக்களில் யானைமீது ஏற்றி அவரை இழிவுபடுத்தினர். போட்டி அரியணைக்காக எழுந்ததாயினும், சமயத்தைத் துறந்தவர் என்ற பழியே அவர்மீது சுமத்தப்பட்டது. 1659இல் அவர் கொல்லப்பட்டார். ஹுமாயூன் கல்லறை வளாகத்தில் அவரை அடக்கம் செய்தனர். கல்லறையில் பெயர் பொறிக்கப்படவில்லை.

அவருடைய மொழிபெயர்ப்பு அழியவில்லை. ஆங்கெத்தில் துய்ப்பெரோன் என்னும் பிரெஞ்சு அறிஞர் அதனை இலத்தீனில் பெயர்த்து, 1801-02இல் வெளியிட்டார். அதன்வழியே ஜெர்மானிய மெய்யியலாளர் ஷோபன்ஹவர் உபநிடதங்களைப் பயின்றார்.

தாரா ஷிகோ இசுலாமியராகவே வாழ்ந்தார். தம் நெறியில் ஊன்றி நின்றவாறே பிறர் நெறியையும் அன்புடன் கற்கலாம் என்பதற்கு அவர் எழுதிய நூல்கள் இன்றும் சான்றாக நிற்கின்றன.