தத்துவ போதக சுவாமிகள்

நமது பங்கு யூபிலி விழாக் கொண்டாடும் இவ்வேளையில், நானூறு ஆண்டுகளுக்கு முன் சேலம், நாமக்கல் சமவெளியில் விசுவாச விதையை ஊன்றிய தத்துவ போதகர் என்னும் இராபர்ட் தெ நொபிலி சுவாமிகளை நன்றியுடன் நினைவுகூருகின்றோம்.

இத்தாலி நாட்டு உயர்குடியில் 1577-ல் பிறந்த இவர், சேசு சபையில் சேர்ந்து 1606-ல் மதுரை வந்தார். அக்காலத்தில் வேதத்தில் சேர்வோர் தம் நடையுடை பாவனைகளை விட்டுப் பறங்கியராக மாறவேண்டும் என்ற எண்ணம் நிலவியது. சுவாமிகளோ தாமே காவி உடுத்தி, மரக்கறி உணவு உண்டு, தமிழும் தெலுங்கும் வடமொழியும் கற்றார். குடுமியும் பூணூலும் சமூக அடையாளங்களே என்று வாதாடினார். எதிர்ப்பு கிளம்பியது. 1623 ஜனவரி 31-ல் பாப்பரசர் 15-ம் கிரகோரியார் அவ்வழக்கங்களுக்கு அனுமதி அளித்தார்.

இவ்வழக்கின் உட்பொருள் பழையதே. ஆபிரகாம் விருத்தசேதனம் பெறுமுன்னரே விசுவாசத்தினால் நீதிமானாக எண்ணப்பட்டார் என்று புனித சின்னப்பர் உரோமையருக்குப் போதித்தார். புறவினத்தார் யூதராகாமலே நீதிமான்களாகலாம் எனில், தமிழர் பறங்கியராக வேண்டுவதேன்? நீதி நம் குலத்தாலோ கோலத்தாலோ வருவதன்று. இறைவனின் இலவசக் கொடை. அது மேலே போர்த்தும் போர்வையுமன்று. அன்பால் கனிதரும்படி உள்ளத்தையே புதுப்பிக்கும் அருள் என்பது 1563-ல் நிறைவுற்ற திரிதெந்தீன் சங்கத்தின் படிப்பினை. இவ்விஷயத்தில் நெடுநாள் பிரிந்திருந்த கத்தோலிக்கரும் லூத்தரன் சபையாரும் 1999-ல் அடிப்படை உண்மைகளில் உடன்பாடு கண்டது நமக்கு மகிழ்ச்சியே.

1623-ல் சுவாமிகள் மதுரையினின்று வடக்கே புறப்பட்டார். சேந்தமங்கலத்தில் இராமச்சந்திர நாயக்கர் அவரை அன்புடன் வரவேற்றார். சேலத்திலோ முதலில் தங்க இடமளிப்பாரில்லை. ஆயினும் அவர் திரும்பிப் போகவில்லை. சேலத்தை ஆண்ட நாயக்கரின் சகோதரர் திருமங்கல நாயக்கர், ஆட்சியுரிமையை இழந்திருந்தவர், 1625-ல் ஞானஸ்நானம் பெற்றார். அரசுரிமை பறிபோகலாம், விசுவாசத்தால் வரும் பிள்ளையுரிமையை எவரும் பறிக்க இயலாது.

முதுமையில் பார்வை மங்கிய சுவாமிகள் 1656-ல் மயிலாப்பூரில் இறைவனடி சேர்ந்தார்.

ஒன்றை மறவாதிருப்போம். பூணூலை அனுமதித்த அதே சாசனத்தில், உயர்ந்தோர் எனப்படுவோர் எளியோரை இகழலாகாது என்றும் பாப்பரசர் எச்சரித்தார். ஆயினும் நம் நாட்டுக் கோவில்களிலும் கல்லறைத் தோட்டங்களிலும் சாதிச் சுவர்கள் எழுந்தன. தகுதி பாராது நம்மை நீதிமான்களாக்கும் ஆண்டவரின் பந்தியில், அடுத்தவரின் தகுதியை அளக்க நாம் யார்? இவ்வேற்றுமை அறவே நீங்குவதே சுவாமிகளுக்கு நாம் செலுத்தும் யூபிலி காணிக்கையாகட்டும்.