நகரும் நிலத்தை அளக்க முயன்றவர்

தென்னமெரிக்காவின் கிழக்குக் கரையை வெட்டி ஆபிரிக்காவின் மேற்குக் கரையோடு பொருத்திப் பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்தேன். தம்பியின் அட்லஸ் பாழானதற்கு உம்மாவிடம் ஏச்சும் வாங்கினேன். அன்று முதல் அல்பிரட் வெகெனர் எனக்கு வேண்டியவராகிவிட்டார்.

1880 இல் பேர்லினில் பிறந்த அவர் படித்தது வானியல், தொழில் வளிமண்டலவியல். 1906 இல் அண்ணன் குர்ட்டுடன் பலூனில் 52 மணித்தியாலங்களுக்கு மேல் பறந்து உலக சாதனை படைத்தார். கண்டங்கள் நகர்கின்றன என்று 1912 இல் அறிவித்தார். போரில் காயப்பட்டு ஓய்விலிருந்தபோது அதை நூலாக்கினார். 1915 இல் வெளிவந்தது.

பூமி ஆறிச் சுருங்குவதால், வாடிய அப்பிளின் தோல்போல மலைகள் எழுந்தன என்பதே அக்காலக் கருத்து. வெகெனரோ, இந்தியா ஆசியாவை நெருக்கியதால் மடிந்தெழுந்ததே இமயம் என்றார். கண்டத்தைத் தள்ளும் விசை எது என்று கேட்டார்கள். அவரிடம் சரியான விடை இருக்கவில்லை.

அளந்து காட்டினால் நம்புவார்கள் என்று நினைத்தார். 1823, 1870, 1907 ஆகிய ஆண்டுகளில் கிறீன்லாந்தில் எடுத்த நெடுங்கோட்டு அளவுகளை ஒப்பிட்டார். ஆண்டுக்குப் பல மீற்றர் நகர்வதாகக் கணக்கு வந்தது. ஆனால் அங்கே நேரத்தில் ஒரு செக்கன் பிழைத்தாலே இடம் நூறு மீற்றருக்கு மேல் தவறிவிடும். விடையை முதலில் நம்பிவிட்டு இலக்கத்தைத் தேடினார் என்பது அவர்மீது எனக்குள்ள குறை.

1930 இல் கிறீன்லாந்தின் நடுவே பனியில் அமைந்த நிலையத்துக்கு உணவும் எரிபொருளும் கொண்டுசென்றார். நவம்பர் முதலாம் திகதி, தமது ஐம்பதாவது பிறந்த நாளில், திரும்பப் புறப்பட்டு வழியில் இறந்தார். கூடச் சென்ற கிறீன்லாந்து இளைஞர் ரஸ்மஸ் வில்லும்சன் அவரைப் பனியில் பக்குவமாக அடக்கம் செய்து, பனிச்சறுக்குப் பலகைகளை அடையாளமாக நட்டுவிட்டுப் போனார். அடுத்த ஆண்டு வெகெனரின் உடல் கிடைத்தது. வில்லும்சன் கிடைக்கவேயில்லை. எனக்கு அவர் நினைவுதான் அதிகம் வரும்.

இன்று நேபாளத்துப் பாறைகளில் ஜி.பி.எஸ். கருவிகளைப் பொருத்தியிருக்கிறார்கள். வாப்பாவின் போனில் வழிகாட்டும் அதே செய்மதிகள்தான். அளவு மட்டும் மில்லிமீற்றர் வரை நுணுக்கமானது. அதே இடத்தை ஆண்டுக்கணக்காக அளந்து ஒப்பிடுகிறார்கள். இமயத்தின் குறுக்கே நிலம் ஆண்டுக்கு ஏறத்தாழ 2 சென்ரிமீற்றர் நெருங்குகிறது. 2015 நிலநடுக்கத்தில் காத்மண்டுப் பகுதி தெற்கே ஒரு மீற்றருக்கு மேல் பாய்ந்ததையும் அக்கருவிகள் பதிந்தன. அங்கே நெருக்கும் இந்தியத் தட்டின்மேல்தான் நம் இலங்கையும் இருக்கிறது.

கிறீன்லாந்து ஐரோப்பாவை விட்டு விலகுவதும் ஆண்டுக்குச் சில சென்ரிமீற்றர்தான். வெகெனரின் கணக்கு நூறு மடங்குக்கு மேல் பிழை. நிலம் நகர்கிறது என்றது சரி.