செவிவழிப் பிறந்த சிறுகதை: கு.ப.ரா.

நூலகங்களிலும் இலக்கிய அரங்குகளிலும் எழுத்தாளர் தம் கதையைத் தாமே படிக்க, அவையோர் செவிமடுத்து மகிழ்வதைக் காண்கிறோம். கண்ணொளி குன்றிய காலத்தில், கேட்பவர் ஒருவரை முன்னிருத்திக் கதையைக் குரலாகவே படைத்தவர் ஒருவர் உண்டு. அவரே கு.ப.ரா. என்று தமிழுலகம் அறிந்த கு.ப. ராஜகோபாலன்.

1902-ஆம் ஆண்டில் காவிரி வளம் கொழிக்கும் கும்பகோணத்தில் பிறந்த அவர், இளமையைத் திருச்சியில் கழித்து, குடந்தை அரசினர் கல்லூரியில் பயின்று பட்டம் பெற்றார். அவருக்கும் ந. பிச்சமூர்த்திக்கும் இருந்த நட்பின் செறிவால் இருவரும் 'கும்பகோணம் இரட்டையர்' எனப் பெற்றனர். மேலூர் தாலுகா அலுவலகத்தில் கணக்கர் பணி கிடைத்தது. ஆயின், கண்புரை நோய் பார்வையைப் பறித்தது. பணியையும் துறக்க நேர்ந்தது.

எழுத்தே உயிரென வாழ்ந்தவர்க்கு இதனினும் பெரிய இடர் வேறில்லை. அவ்விருளில் துணை நின்றவர் தங்கை சேது அம்மாள். தமையனார் சொல்லச் சொல்லத் தங்கை எழுதினார். சிகிச்சையால் பார்வை மீண்டது. கேட்டு எழுதிய தங்கையோ பின்னாளில் தாமே சிறுகதை ஆசிரியராக மலர்ந்தார்.

கு.ப.ரா. கதைகளில் வருணனை குறைவு; உரையாடல் மிகுதி; சொல்லாமல் விடுவது அதனினும் மிகுதி. 'விடியுமா?' என்னும் கதையில், தந்தி கண்டு கலங்கிய அக்காளும் தம்பியும் சென்னைக்கு இரவு ரயிலில் செல்கின்றனர். அவ்விரவின் அச்சமும் ஆறுதலும் பெரும்பாலும் பேச்சிலும் மௌனத்திலுமே புலப்படுகின்றன. உரக்கப் படிக்கக் கேட்போர் இதனை நன்குணர்வர். இப்பண்பு முழுவதும் கண்நோயால் விளைந்தது என்று கூறுதல் பொருந்தாது. எனினும் சொல்லின் ஒலியையும் அளவையும் அறிந்த செவி அவருடையது என்பதில் ஐயமில்லை.

'மணிக்கொடி' வழியே புகழ் பெற்றும் வறுமை அவரை விட்டகலவில்லை. பிற்காலத்தில் குடந்தையில் வாழ்ந்தபோது தி. ஜானகிராமன், கரிச்சான் குஞ்சு, எம்.வி. வெங்கட்ராம் முதலிய இளையோர் அவரை நாடி வந்து இலக்கியம் பேசினர். துறையூரிலிருந்து வெளிவந்த 'கிராம ஊழியன்' இதழாசிரியராகவும் அவர் தொண்டாற்றினார். கால்களில் கண்ட அழுகல் நோயால் 1944 ஏப்ரல் 27 அன்று, நாற்பத்திரண்டாம் வயதில் மறைந்தார்.

அவர் விட்டுச் சென்றவை கதைகள் மட்டுமல்ல. கேட்டவரை எழுத வைக்கும் மரபும் ஆகும். ஓர் இலக்கிய வட்டம் பேணத்தக்க செல்வம் அதுவே.