கிடர்பூரில் வளர்ந்த வங்கக் கவி

கப்பல் துறையும் பாலமும் அன்றி நம் கிடர்பூருக்கு வேறு பெருமை உண்டென நம்மில் பலர் எண்ணுவதில்லை. மைக்கேல் மதுசூதன தத்தர் இளமையில் வாழ்ந்தது இங்கேதான்.

1824 ஜனவரி 25-ஆம் நாள் ஜெசோர் ஜில்லா சாகர்தாரியில் பிறந்த அவரை, வக்கீலான தந்தை ராஜநாராயண தத்தர் கிடர்பூர் இல்லத்தில் வைத்து இந்துக் கல்லூரியில் படிப்பித்தார். ஆங்கிலக் கவியாகிச் சீமை செல்வதே மாணவரின் கனவு. தாய்மொழியை அவர் மதிக்கவில்லை. 1843-இல் கிறிஸ்தவரானார். சில ஆண்டுகளில் தந்தையின் பொருளுதவியும் நின்றது.

1848-இல் கப்பலேறிச் சென்னை சேர்ந்து, அநாதைப் பிள்ளைகளின் பள்ளியில் உபாத்தியாயரானார். ஹீப்ரு, கிரேக்கம், லத்தீன், தெலுங்கு, சம்ஸ்கிருதம் என நாள்தோறும் மணிக்கணக்கு வைத்துப் பயின்றார். மறு ஆண்டு அங்கே அச்சான அவரது ஆங்கிலக் காவியத்தைக் கண்ட பெதூன் துரை, இத்திறமையைத் தாய்மொழிக்குச் செலுத்துதலே தகும் என நண்பர் வாயிலாக அறிவுறுத்தினார். வங்கமொழி மறந்துவருவதைத் தத்தரும் உணர்ந்திருந்தார். கிருத்திவாசரின் ராமாயணத்தையும் காசிராம தாசரின் பாரதத்தையும் அனுப்புமாறு சென்னையிலிருந்து கல்கத்தா நண்பருக்குக் கடிதம் எழுதினார். ஊரிலிருந்து தமிழ்ப் புத்தகம் வரவழைத்துப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் நமக்கு இது விளங்காததன்று.

1856-இல் திரும்பிப் போலீஸ் கோர்ட்டில் குமாஸ்தாவானார். (நம் இனத்தவரே!) மனைவி மக்களைச் சென்னையில் விட்டுவந்தது புகழத்தக்க செயலன்று. 1861-இல் வெளிவந்த மேகநாதவதத்தில் இந்திரஜித்தே நாயகன். கம்பனில் தோய்ந்த நமக்கு, இலங்கை வேந்தன்பால் அவர் காட்டும் பரிவு வியப்பளிக்கும். கதை நம் நாட்டது. அடியிறுதி இயைபில்லாத நடையோ மில்டனிடம் கற்றது.

இளமையில் மேனாட்டு மோகங்கொண்டு, பின்னர்ப் பழைய ஜப்பானிய மரபுக்குத் திரும்பிய நாவலாசிரியர் தனிஸாகியை, 1945-இல் போர் முடிந்தபின் உலகம் விரும்பிப் படித்தது. அவ்வழியில் வங்கத்தில் முன்னரே நடந்தவர் தத்தர்.

1862-இல் பாரிஸ்டர் படிப்புக்குச் சீமை சென்றார். பிரெஞ்சு நாட்டு வெர்சேல்ஸ் நகரில் கடனால் வாடியபோது வித்யாசாகர் பணம் அனுப்பிக் காத்தார். கனவு கண்ட மேனாட்டிலிருந்து அவர் பதினான்கடிப் பாடலில் பாடியது சொந்த ஊர்க் கபோதாக்ஷ நதியை! 1867-இல் பாரிஸ்டராகத் திரும்பியும் கடன் தீரவில்லை. துணைவி ஹென்ரியெட்டா மறைந்த மூன்றாம் நாள், 1873 ஜூன் 29-இல், அலிப்பூர் ஆஸ்பத்திரியில் காலமானார்.

லோயர் சர்குலர் ரோடு கல்லறைத் தோட்டத்தில் அவர் சமாதி இருக்கிறது. வழிப்போக்கரை நிறுத்தித் தாய் தந்தையர் பெயரையும் ஊரையும் ஆற்றையும் சொல்லும் அக்கல்லின் பாடல், அவரே வங்கமொழியில் இயற்றியது.