கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன்

நகைச்சுவை வெறும் பொழுதுபோக்கு என்று கருதுவோர் பலர். அஃது இளைஞர் உள்ளத்தைப் பண்படுத்தும் நல்லாசானாகவும் விளங்கக்கூடும் என்பதைத் தம் வாழ்க்கையாற் காட்டியவர் கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன். அன்னாருடைய சரித்திரம் மாணவர் யாவரும் அறியத்தக்கது.

கிருஷ்ணன் 1908-ஆம் ஆண்டு நவம்பர் 29-ஆம் நாள் நாகர்கோவிலைச் சார்ந்த ஒழுகினசேரியில் ஓர் எளிய குடும்பத்திற் பிறந்தார். வறுமையினாற் பள்ளிப் படிப்பு இளமையிலேயே நின்றது. நாடகக் கொட்டகையில் தின்பண்டம் விற்ற அச்சிறுவர் வில்லுப்பாட்டிற் பயின்று, பின்னர் டி. கே. எஸ். சகோதரர்களின் நாடக சபையிற் சேர்ந்தார். 1936-இல் வெளிவந்த 'சதி லீலாவதி'யில் நடித்தார். அவ்வாண்டிலேயே 'வசந்தசேனா' படத்தின் வாயிலாக டி. ஏ. மதுரம் அம்மையாரைச் சந்தித்து மணந்தார். இருவரும் சேர்ந்து நடித்த நகைச்சுவைப் பகுதிகளைக் காண்பதற்கென்றே மக்கள் கொட்டகைக்குத் திரண்டனர்.

புகழின் உச்சியில் பேரிடர் வந்துற்றது. 1944-இல் நிகழ்ந்த லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் எம். கே. தியாகராஜ பாகவதருடன் கிருஷ்ணனும் கைது செய்யப்பட்டு, 1945-இல் ஆயுள் தண்டனை பெற்றார். மதுரம் அம்மையார் அவருடைய விடுதலைக்காகத் தளராது உழைத்தார். வழக்கு இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்று மீண்டது. 1947-இல் இருவரும் விடுதலை பெற்றனர். சிறைவாசம் அவருடைய நகையிற் கசப்பைக் கலக்கவில்லை. அதன்பின் அவர் நகைச்சுவை முன்னினும் ஆழமுற்றது.

அதற்குச் சான்று, சி. என். அண்ணாதுரை கதை வசனம் எழுத, 1949-இல் வெளிவந்த 'நல்லதம்பி'. அதில் அமைந்த கிந்தனார் காலட்சேபம், கோபாலகிருஷ்ண பாரதியாரின் நந்தன் சரித்திரத்தை அடியொற்றிப் புனையப்பட்டது. நந்தன் சிதம்பரம் செல்ல விழைந்தான். ஒடுக்கப்பட்ட குடியிற் பிறந்த கிந்தனோ பட்டணம் சென்று படிக்க விழைந்தான். படித்துக் கல்வித் துறை அதிகாரியாகித் தன்னூர் திரும்பினான்.

கலைவாணர் மறைந்த பின்னரே நாம் அவரைத் திரையிற் கண்டோம். டூரிங் டாக்கீஸின் மணற்றரையில் அமர்ந்து கிந்தனாரைக் கண்ட மாலையை இராணிப்பேட்டையில் வளர்ந்த நாம் மறத்தல் இயலாது. சுண்ணாம்புத் தொட்டியில் ஊறும் தோலின் வாடை நம் தந்தையர் உடையில் ஏறி வீடு வரை வரும். அவ்வாடையைச் சொல்லி உடன் பயின்றோர் சிலர் நம்மை எள்ளுவர். பதின்பருவத்தில் அவ்வேளனம் நெஞ்சிற் பெரும் புண்ணாகும். பள்ளியை விட்டே நின்றாரும் உண்டு. பெரியபுராணத்து நந்தனாரும் கோயில் முரசுகளுக்குத் தோலும் வாரும் அளித்தவர் என்பதைத் தமிழ் வகுப்பிற் படித்திருந்தோம். ஆதலின் கிந்தன் கதை நம் வீட்டுக் கதையாகவே தோன்றிற்று. கொட்டகை முழுதும் நகைத்தது. நம்மை எள்ளியோரும் நம்மருகே இருந்து நகைத்தனர். அந்நகைப்பு ஏழைச் சிறுவனைச் சுடவில்லை. அவன் கல்விக்குத் தடையாய் நின்ற வழக்கத்தையே சுட்டது. மறுநாள் புத்தகத்தை எடுத்துப் பள்ளிக்குச் செல்ல நமக்குத் துணிவு பிறந்தது.

பின்னாளில் 'மணமகள்' (1951), 'பணம்' (1952) ஆகிய படங்களைக் கலைவாணரே இயக்கினார். ஈட்டிய பொருளை இல்லையென்று வந்தார்க்கு வாரி வழங்கினார். 1957 ஆகஸ்டு 30-ஆம் நாள், நாற்பத்தெட்டாம் வயதில் மறைந்தார். 1969-இல் முதலமைச்சர் அண்ணாதுரை சென்னையில் அவருடைய சிலையைத் திறந்து வைத்தார்.

மாணவ நண்பர்களே! நகைத்தல் எளிது, எளியோர் மனம் நோவாது நகைத்தல் அரிது. விடுதியிலும் வகுப்பிலும் வேடிக்கை பேசும் முன், இந்நகையால் வாடும் முகம் எது, நிமிரும் முகம் எது என்று ஒரு கணம் எண்ணுவோமாக. கலைவாணருக்கு நாம் செலுத்தத்தக்க நன்றி அதுவே.