ஆலையில் வார்க்கும் வீடும் அழகப்பர் காட்டிய வழியும்

சென்னை பெரும்பாக்கத்தில், முன்கூட்டியே வார்த்த கான்கிரீட் பாகங்களைப் பொருத்திக் கட்டிய 1,152 வீடுகள் 2022-இல் திறக்கப்பட்டன. இத்தொழில்நுட்பம் பரவலாக வேரூன்ற யார் யார் எப்பொறுப்பை ஏற்க வேண்டும் என்ற கேள்வி எழும்போதெல்லாம், பொருளாதாரம் பயிற்றுவித்த எனக்குக் காரைக்குடி வள்ளல் அழகப்பச் செட்டியாரே நினைவுக்கு வருகிறார்.

1909-இல் கோட்டையூரில் பிறந்த அவர், சென்னை மாநிலக் கல்லூரியில் ஆங்கில முதுகலையும் லண்டனில் சட்டமும் பயின்றார். விமானம் ஓட்டவும் கற்றார். பஞ்சாலை, விமானப் போக்குவரத்து எனப் பல தொழில்களில் ஈட்டியதைக் கல்விக்கு வாரி வழங்கினார்.

பர்மாத் தேக்கும் இத்தாலியப் பளிங்கும் கப்பலில் வந்து மாளிகைகளான மண் செட்டிநாடு. அவற்றை இழைத்துப் பொருத்தும் திறனோ தச்சரிடமும் கொத்தரிடமும் இருந்தது. பொருளை இறக்குமதி செய்யலாம். அதைக் கையாளும் அறிவை இங்கேதான் வளர்க்க வேண்டும். அழகப்பரின் கொடைகளில் நான் காண்பது இந்தத் தெளிவையே.

மைய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்துக்காக அவர் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் அளித்தார். 1948 ஜூலை 25-இல் நேரு அடிக்கல் நாட்ட, 1953 ஜனவரி 14-இல் இராதாகிருஷ்ணன் திறந்துவைத்தார். நிலையத்தை நடத்தும் பொறுப்பை அரசு ஏற்றது. ஆய்வை அறிவியலாளர்கள் ஏற்றனர். இளைஞர்களைப் பயிற்றுவிக்க 1952-இல் அழகப்பரின் பொறியியல் கல்லூரி எழுந்தது. கான்கிரீட்டுக்குள் கம்பி துருப்பிடிக்காமல் காக்கும் பூச்சுகளைப் பின்னாளில் இந்நிலையம் உருவாக்கியது.

அதே 1948-இல், அகதிகளின் வீட்டுத் தேவைக்காகத் தில்லியில் அரசு வீட்டு ஆலை தொடங்கப்பட்டது. தொடக்ககாலப் பலகைகள் பழுதுபட, அம்முயற்சி தடுமாறியது. 1953-இல் அது புதிய நிறுவனமாக மாற்றப்பட்டது. ஆலை அமைப்பது எளிது; அதைச் சுற்றி அறிவை அமைப்பதே அரிது.

ஆங்கில அரசு தந்த 'சர்' பட்டத்தைத் துறந்த அழகப்பர், தம் இல்லத்தையும் மகளிர் கல்லூரிக்கு ஈந்தார். 1957 ஏப்ரல் 5-இல், 48-ஆம் பிறந்தநாளுக்கு முந்தைய நாள், மறைந்தார்.

இன்று அரசு ஒப்பந்தம் தருகிறது, நிறுவனம் வார்க்கிறது. கொத்தருக்குப் புதிய பயிற்சி தருவது யார்? இணைப்பில் நீர் கசிந்தால், குடியிருப்போர் யாரிடம் முறையிடுவர்? இவ்விரு பொறுப்புகளையும் ஒப்பந்தத்திலேயே எழுதிவைப்பது அரசின் கடமை.