சார்லஸ் வில்லியம் எலியட்

சார்லஸ் வில்லியம் எலியட் (மார்ச் 20, 1834 – ஆகஸ்ட் 22, 1926) ஓர் அமெரிக்கக் கல்வியாளர், வேதியியலாளர் ஆவார். ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் தலைவராக 1869 முதல் 1909 வரை 40 ஆண்டுகள் பணியாற்றினார். மாணவர்கள் தம் பாடங்களைத் தாமே தெரிவு செய்யும் விருப்பப் பாட முறையை அங்கு விரிவாக நடைமுறைப்படுத்தினார்.

வாழ்க்கை

எலியட் பாஸ்டன் நகரில் பிறந்தார். தந்தையார் சாமுவேல் அட்கின்ஸ் எலியட் அந்நகரின் மேயராக இருந்தவர். 1857 ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடியில் குடும்பம் தன் செல்வத்தை இழந்தது. 1853 இல் ஹார்வர்டில் பட்டம் பெற்ற எலியட், அங்கேயே கணிதமும் வேதியியலும் கற்பித்தார். எதிர்பார்த்த பேராசிரியர் பதவி கிடைக்காமையால் 1863 இல் விலகி, ஐரோப்பா சென்று அங்குள்ள கல்வி முறைகளை ஆராய்ந்தார். 1865 இல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் வேதியியல் பேராசிரியரானார். 1869 இல், தமது 35 ஆவது வயதில், ஹார்வர்டின் தலைவராகத் தெரிவு செய்யப்பட்டார்.

விருப்பப் பாட முறை

அக்கால அமெரிக்கக் கல்லூரிகள் பலவற்றில் இலத்தீன், கிரேக்கம், கணிதம் முதலியவற்றை அனைவரும் ஒரே வரிசையில் கற்க வேண்டியிருந்தது. ஹார்வர்டில் சில விருப்பப் பாடங்கள் முன்னரே இருந்தன. எலியட் அவற்றைப் பெருக்கி, கட்டாயப் பாடங்களைப் படிப்படியாக நீக்கினார். நான்காம் ஆண்டு மாணவருக்கு 1872 இலும், மூன்றாம் ஆண்டினருக்கு 1879 இலும், இரண்டாம் ஆண்டினருக்கு 1884 இலும் கட்டாயம் நீங்கியது. 1894 அளவில் முதலாண்டினருக்கு ஆங்கிலக் கட்டுரைப் பயிற்சியும் ஒரு நவீன மொழியும் மட்டுமே கட்டாயமாக இருந்தன. இதனால் பட்டம் என்பது ஒரே பாடத்திட்டத்தை முடிப்பதாக அன்றி, குறித்த எண்ணிக்கையிலான தனிப் பாடங்களின் தொகுப்பாக மாறியது.

விமர்சனங்கள்

பிரின்ஸ்டன் கல்லூரித் தலைவர் ஜேம்ஸ் மக்காஷ் 1885 இல் நியூயார்க்கில் நடந்த விவாதத்தில் இம்முறையைக் கடுமையாக எதிர்த்தார். மாணவர் பலர் ஆழமின்றி எளிய தொடக்கநிலைப் பாடங்களையே நாடுகின்றனர் என்ற குறையும் எழுந்தது. எலியட்டுக்குப் பின் தலைவரான லாரன்ஸ் லோவல், ஒரு துறையில் ஆழமும் பிற துறைகளில் பரவலும் வேண்டும் என்ற விதியைக் கொணர்ந்து தெரிவுக்கு வரம்பிட்டார். பெண்களை ஹார்வர்டில் ஆண்களுடன் சேர்த்துக் கற்பிப்பதை எலியட் ஏற்கவில்லை. தெரிவுச் சுதந்திரத்தை வலியுறுத்திய அவரது கொள்கையின் எல்லையை இது காட்டுகிறது.

தாக்கம்

பாடங்களைத் தனி அலகுகளாக எண்ணும் வழக்கம், பிற்காலத்தில் பரவிய மதிப்பலகு முறைக்கு அடித்தளங்களுள் ஒன்றானது. மாணவரின் தெரிவுக்கும் கல்வியின் ஒழுங்கமைவுக்கும் இடையே எலியட் காலத்தில் எழுந்த முரண்பாட்டை, அம்முறையைப் பின்பற்றும் பல்கலைக்கழகங்கள் இன்றும் எதிர்கொள்கின்றன.